குங்கிலியம் தடவிய பெல்ட்

பிப்ரவரி 9, ஞாயிறு

வைதேகியின் கார் இன்று காலை ஏழே காலுக்குச் சூலூர் தாண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. எஞ்சின் முன்னால் ஓடும் பெல்ட் கழன்று விழுந்துவிட்டது. அவள் ரேஸ் மைதானத்துக்குப் போய்ச் சேரவில்லை.

நடந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் ஆளுக்கு ஒன்று சொல்வது.

இந்த டைரி நூல் மில்காரர்கள் பொங்கலுக்குக் கொடுத்தது. எந்த ஊரில் பழைய விசைத்தறி என்ன விலைக்கு வாங்கினேன், யாருக்கு விற்றேன் என்று எழுதிவைப்பேன். முப்பத்தோரு வருடமாக அதுதான் பிழைப்பு. இன்று தறி எதுவும் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. பக்கம் சும்மா கிடக்கிறதே என்று இதை எழுதுகிறேன்.

வைதேகி என் ஒரே பெண். இருபத்தேழு வயது. பம்ப் கம்பெனியில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் நாலு வருடத்துக்கு முன்னால் இந்தக் காரை வாங்கினாள். ஜப்பான் கார், இரண்டே கதவு, பழசு. அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்க எனக்கு ஒரு ஆள் கை கொடுக்க வேண்டும். கியர் கையால் போட வேண்டும். கிளட்சை மிதித்தால் முழங்கால் கடகடக்கும். இது போதாதென்று அவளும் லாரன்ஸும் சேர்ந்து அதில் சூப்பர்சார்ஜர் ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் ஊதுகிற சாமான். அதை ஓட்டத் தனியாக ஒரு பெல்ட். ஆக இரண்டு பெல்ட்.

லாரன்ஸ், சிங்காநல்லூரில் ஒரு ஒர்க் ஷாப்பில் பத்தொன்பது வருடமாக மெக்கானிக். வைதேகிக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தவன். இருவரும் கூட்டாக ஒர்க் ஷாப் போடுவதாகப் பேச்சு. அதற்காக வைதேகி ஜனவரியில் வேலையை விட்டாள். லாரன்ஸும் முதலாளியிடம் சொல்லிவிட்டான். வருகிற இருபத்தெட்டாம் தேதியோடு அவனுக்குச் சம்பளம் நிற்கும். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

இன்று மைதானத்தில் இந்தக் கார் ஒரு நாள் முழுக்கக் கோளாறு இல்லாமல் ஓடினால், தங்கள் கார்களை இவர்களிடம் விடுவதாக மூன்று பேர் சொல்லியிருந்தார்கள். மூன்று பேரும் வந்து காத்திருந்தார்களாம்.

நான் தறி ஏற்றுகிற லாரியை எடுத்துக்கொண்டு போனேன். வைதேகி ரோட்டோரமாக உட்கார்ந்திருந்தாள்.

"சூட்டு முள்ளு ஏறுச்சுங்ப்பா. ஒடனே ஆஃப் பண்ணிட்டேன். எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகல."

"அப்புறம் ஏன் அம்மிணி மூஞ்சி இப்படி இருக்குது?"

எழுந்து லாரியிலிருந்து பலகையை இழுத்தாள். பலகை போட்டுக் காரை ஏற்றும்போது தறித் தரகன் பொன்னுசாமி பைக்கை நிறுத்திவிட்டுப் பார்த்தான். "ஏனுங் நாச்சிமுத்தண்ணே, தறிக்கு டயர் மாட்டிட்டீங்களாட்ட இருக்குது?" என்றான். வேறொரு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை நான் செய்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 10, திங்கள்

வெள்ளிக்கிழமை நான் செய்தது இது.

ஒரு மாதமாகக் காலையில் காரை ஸ்டார்ட் செய்தால் அணில் கத்துகிற மாதிரி ஒரு சத்தம். கீச், கீச், கீச். பெல்ட் சத்தம். மற்றவர்களுக்கு அது வெறும் சத்தம். எனக்கு அது பல்லில் மண் கடிபடுகிற மாதிரி. கண்ணைக் கட்டிவிட்டாலும் தறி ஓடுகிற சத்தத்தை வைத்தே பெல்ட் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். என் வீட்டு வாசலில் ஒரு பெல்ட் கத்தினால் எப்படிப் பொறுப்பது?

குங்கிலியத்தைப் பொடித்து, விளக்கெண்ணெயில் காய்ச்சி, ஆறவைத்துப் பெல்ட்டில் தடவினால் வழுக்காது, கத்தாது. அந்தக் காலத் தோல் பெல்ட்டிலிருந்து எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான். பழைய தறிகளைப் போட்டுவைக்கும் என் யார்டில் எப்போதும் ஒரு டப்பா இருக்கும்.

வெள்ளி மத்தியானம் வைதேகி பஸ்ஸில் கோயமுத்தூர் போயிருந்தாள். சாவி ஆணியில் தொங்கியது. டப்பாவில் கட்டியாகிக் கிடந்ததை வீட்டு விளக்கெண்ணெய் ஊற்றி இளக்கி, பானெட்டைத் திறந்து இரண்டு பெல்ட்டிலும் பிரஷ்ஷால் தடவினேன். ஸ்டார்ட் செய்தேன். சத்தம் போன இடம் தெரியவில்லை.

சனிக்கிழமை காலையில் வைதேகி ஓடிவந்தாள். "அப்பா, சத்தம் நின்னு போச்சு! லாரன்ஸ் அண்ணா புதன்கிழமை பானெட்டத் தொறந்து என்னமோ பண்ணுனாரு. அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் வண்டி எடுக்கறேன். அதுதான்."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் என்று இப்போது யோசித்தாலும் பிடிபடவில்லை. இட்லி சாப்பிட்டு முடிப்பதற்குள் ஏழு தடவை லாரன்ஸ் அண்ணா என்றாள். எண்ண வேண்டும் என்று எண்ணவில்லை. காதில் விழுந்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்

லாரன்ஸ் வந்தான். வாசலில் காரைத் திறந்துவைத்து இருவரும் பார்த்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன்.

வைதேகி கழன்று விழுந்த பெல்ட்டை அவனிடம் நீட்டினாள். "தொட்டுப் பாருங்கண்ணா. பசையாட்ட ஒட்டுது. இதுல தூசி சேந்து, சூடாகி, பெல்ட் அந்தச் சின்ன வீல்ல ஒட்டி ஒட்டி இழுத்திருக்குது. டென்ஷனர் கையி துள்ளித் துள்ளி பேரிங் இறுகிப் போச்சு. ரெண்டுலயுமே."

டென்ஷனர் என்பது பெல்ட்டை ஸ்பிரிங்கால் இழுத்துப் பிடிக்கிற ஒரு கை. அதன் நுனியில் சின்னச் சக்கரம். இன்றுதான் அதை ஒழுங்காகப் பார்த்தேன். எங்கள் தறிகளில் அது கிடையாது. மோட்டாரையே பின்னால் தள்ளி பெல்ட்டை இறுக்குவோம்.

"நான் எதும் தடவல வைதேகி," என்றான் லாரன்ஸ்.

"அப்ப யாருண்ணா? புதன்கிழமை நீங்கதான் தொறந்தீங்க. அதுக்கப்புறந்தான் சத்தம் நின்னுச்சு."

"போல்ட்டு டைட்டா இருக்கான்னு பாத்தேன். அவ்ளோதான்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சத்தம் நிக்கோணும்னு சும்மா எதையோ தடவி உட்டுட்டீங்க. ஒத்துக்கோங்க, பரவால்ல. பெல்ட்டுல எதையும் தடவக்கூடாதுன்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதான்!"

"அதத்தான் நானும் சொல்றேன். நான் எதுக்குத் தடவப் போறேன்?"

பெல்ட்டை மூக்கருகே கொண்டுபோனான். இன்னொரு தடவை முகர்ந்தான். "சர்ச்சுல தூபம் போட்ட மாதிரி வாசம் வருது," என்று மெதுவாகச் சொன்னான். நிமிர்ந்து பார்த்தான்.

எனக்குப் போன் வந்த மாதிரி இருந்தது. உள்ளே போனேன். வரவில்லை.

திரும்பி வந்தபோது லாரன்ஸ் பைக்கை எடுத்துக்கொண்டு போயிருந்தான். டீ டம்ளர் நிறைய அப்படியே இருந்தது.

பிப்ரவரி 12, புதன்

கரூர் பார்ட்டிக்கு நாலு தறி போனது. நல்ல விலை.

வைதேகி போனில் லாரன்ஸிடம் கூட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "பொய் சொல்ற ஆளுகூட எப்படிங்ப்பா தொழில் பண்றது? நாளைக்கு வேற ஒருத்தரு காருக்கும் இப்படிப் பண்ணுனா?" என்று என்னைக் கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். எனக்குத் தொழில் புதிதல்ல. ஒரு தடவை பொய் சொன்னவனோடு நான் திரும்பக் கொடுக்கல் வாங்கல் வைத்ததில்லை.

பிறகு சொன்னாள்: "நான் கொஞ்ச நாள் உங்ககூட யார்டுக்கு வர்றேனுங்ப்பா."

ஆறு வருடமாக நான் கேட்டது. கேட்காத நாளில் வந்திருக்கிறது. சந்தோஷமான விஷயம். மத்தியானம் சோறு இறங்கவில்லை. வாயு.

என் வீட்டுக்காரி மரகதம் தட்டைப் பார்த்தாள். "வாயுன்னா பெருங்காயம் தர்றேன். வேற எதாச்சும்னா நீங்களே பாத்துக்குங்க." அடுப்படிக்குப் போனவள் அங்கிருந்தே கேட்டாள்: "வெளக்கெண்ணெ பாட்டில் காலியா இருக்குதே. யாருக்குங்க வயிறு சரியில்ல?"

பூனை தட்டியிருக்கும் என்றேன். எங்கள் வீட்டில் பூனை கிடையாது.

பிப்ரவரி 13, வியாழன்

வைதேகி யார்டுக்கு வந்தாள். தறிகளை எண்ணி எழுதினாள். கணக்கு சுத்தம். ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 15, சனி

சென்னையிலிருந்து கூரியரில் புதுப் பெல்ட் இரண்டும் புது டென்ஷனர் இரண்டும் வந்தன. டென்ஷனரில் ஒன்று இந்தக் காருக்கே உரியது. சூப்பர்சார்ஜர் பெல்ட்டுக்கானது வேறு ஏதோ காரின் சாமான். இதற்குப் பொருத்திக்கொள்ள வேண்டும். மார்ச் இரண்டாம் தேதி மைதானத்தில் மறுபடி ஓட்டம் இருக்கிறது. ஒர்க் ஷாப் இல்லாவிட்டாலும் அன்றைக்கு ஓட்டியே தீருவேன் என்கிறாள்.

"கூட ஒரு கை வேணும்ப்பா," என்றாள். போனேன்.

ஜாக்கி வைத்து, முன் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருந்த பிளாஸ்டிக் தட்டியை எடுத்தோம். ஒரு சாண் இடம்கூட இல்லை. இதில் மனிதன் கையை எப்படி விடுவான் என்று எஞ்சினை வைத்தவன் யோசிக்கவில்லை. வைதேகி நீளக் கைப்பிடி போட்ட ஸ்பேனரை டென்ஷனர் நட்டில் மாட்டித் தன் எடை முழுவதையும் போட்டு அமுக்கினாள். ஸ்பிரிங் வளைந்து கொடுத்தது.

"இப்ப எடுங்ப்பா! இப்ப இப்ப!"

குறுக்கே இருந்த சூப்பர்சார்ஜர் பெல்ட்டை உருவினேன். கை முட்டியில் தோல் போனது.

எஞ்சின் பெல்ட்டின் பழைய டென்ஷனரைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். சின்னச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். சுற்றவில்லை. பழுப்பாக, அல்வா மாதிரி ஒரு பிசின் ஓரமெல்லாம் அப்பியிருந்தது. என் டப்பாவில் இருக்கும் அதே நிறம். விரலை லுங்கியில் துடைத்தேன். போகவில்லை.

புதுசை மாட்டிய பிறகு புதுப் பெல்ட்டைப் போடுவதுதான் பெரும்பாடு. வைதேகி தரையில் சாக்பீஸால் படம் போட்டுக் காட்டினாள். எங்கள் தறியில் பெல்ட் மோட்டாரிலிருந்து சக்கரத்துக்குப் போகும், திரும்பி வரும், முடிந்தது. இங்கே ஏழு சக்கரத்துக்கு நடுவில் பாம்பாக நெளிகிறது. சிலதை நீளவாக்கில் வரி வெட்டிய பக்கத்தால் சுற்றுகிறது, சிலதை முதுகால் சுற்றுகிறது. எல்லாம் ஒரே திசையில் சுழலவும் சுழலாதாம். இரண்டு தடவை தப்பாகப் போட்டேன்.

"அது வாட்டர் பம்ப்புங்ப்பா. அதுக்கு முதுகுப் பக்கம்."

"முதுகுதான் அம்மிணி போட்டேன்."

"அது வவுறு."

ஒருவழியாகப் போட்டதும் பழக்கத்தில் கட்டைவிரலால் பெல்ட்டை அமுக்கிப் பார்த்தேன். அரை இஞ்சு அமுங்கினால் சரி என்பது எங்கள் கணக்கு.

"வெரல எடுங்ப்பா!" ஒரு வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். "இத நாம டைட் பண்றதில்ல. ஸ்பிரிங்கே பாத்துக்கும்."

"ஏனம்மிணி," என்றேன், சும்மா கேட்கிற மாதிரி, "பெல்ட்டுல எதாச்சும் தடவுனா அப்படி என்னதான் ஆகும்?"

பொறுமையாக எல்லாம் விளக்கினாள். தட்டைப் பெல்ட்டுக்கு ஆகும், வரிப் பெல்ட்டுக்கு ஆகாது. வரிக்குள் பசை போனால் கல்லாட்டம் ஆகிவிடும், ஒரு வரி தாண்டி ஏறிக்கொள்ளும். நல்ல மெக்கானிக் யாரும் செய்யவே மாட்டான்.

"ஓ," என்றேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சூப்பர்சார்ஜர் டென்ஷனரும் மாட்டியாகிவிட்டது. மத்தியானம் ஸ்டார்ட் செய்தாள்.

கீச், கீச், கீச்.

எனக்குத் தலை சுற்றுகிறது. பெல்ட் இரண்டும் புதுசு. டென்ஷனர் இரண்டும் புதுசு. பசையும் இல்லை. பெல்ட் கழன்றது பசையால் என்றால், அது சரி. ஆனால் பசை தடவுவதற்கு முன்னாலிருந்தே கத்தியதே, அது எதனால்? இப்போது ஏன் கத்துகிறது? நான் ஒரு கோளாறைச் செய்தேன். அதற்கு அடியில் இன்னொரு கோளாறு ஏற்கெனவே இருந்திருக்கிறது. அது யார் செய்தது?

வைதேகி டென்ஷனரைக் கழற்றி மறுபடி மாட்டினாள். மறுபடி கழற்றினாள். மூன்றாவது தடவை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டதும் எஞ்சினை நிறுத்தித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"லாரன்ஸ் அண்ணா இருந்தா…" என்று ஆரம்பித்தாள். நிறுத்திக்கொண்டாள்.

நான்கு நாளில் இந்தப் பெயரை ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாள். இதையும் ஏன் எண்ணினேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

லாரன்ஸ் யார்டுக்கு வந்தான். நல்லவேளை, வைதேகி பேங்க்குக்குப் போயிருந்தாள். அவள் போனை எடுப்பதில்லையாம். அவளுடைய ஸ்பேனர் ஒன்று அவனிடம் இருந்ததைக் கொடுத்துவிட்டுப் போக வந்தான். துணியில் சுற்றி, எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொண்டுவந்திருந்தான்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. அலமாரிப் பக்கம் போனான். அங்கே டப்பா இருந்தது. மூடியைத் திறந்தான், முகர்ந்தான், மூடினான்.

"நல்ல வாசங்க," என்றான்.

நான் வியாபாரி. எந்தப் பொருளுக்கும் ஒரு விலை இருக்கும், எதிராளி சொல்வதற்கு முன் நாம் சொல்லிவிட்டால் லாபம். சொன்னேன்: "லாரன்சு, நம்ம யார்டுலயே மெக்கானிக்கா இருந்துக்க. இப்ப வாங்கறதுக்கு மேல ரெண்டாயிரம் சேத்துத் தர்றேன்."

"எதுக்குங்க? வாய மூடறதுக்கா?"

"சேச்சே, அப்படியெல்லாம் இல்ல."

"சொல்றதுன்னா அன்னைக்கே சொல்லியிருப்பேன். உங்கப்பாதான் பண்ணுனாருன்னு ஒரு பொண்ணுகிட்ட நான் எப்படிங்க சொல்றது? நம்பலைன்னா நான் ரெண்டு மடங்கு பொய்யன். நம்பிருச்சுன்னா…" முடிக்காமல் வாசலைப் பார்த்தான். "அங்க எனக்குப் பதிலு ஆள் போட்டுட்டாங்க. முதலாளிகிட்டப் போயி இருக்கட்டுங்களான்னு கேட்டேன். இல்லைன்னுட்டாரு."

மூவாயிரம் என்று மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன், விலை பொருந்தவில்லை. பேரத்தில் இப்படி எனக்கு ஆனதே இல்லை.

படியிறங்கும்போது திரும்பினான். "சத்தம் இன்னும் நிக்கலைங்களா?"

"இல்ல."

"சூப்பர்சார்ஜர் நிக்கற பிராக்கெட்டப் பாக்கச் சொல்லுங்க. டிசம்பர்லயே சொன்னேன், காதுல வாங்கல. நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம்."

தன் மேல் பழி போட்டவளின் காருக்கு இவன் எதற்காக வைத்தியம் சொல்லிவிட்டுப் போகிறான்? இதில் அவனுக்கு என்ன கிடைக்கும்? மத்தியானம் முழுக்க யோசித்தேன். ஒன்றும் கிடைக்காது. அதுதான் குழப்பம்.

பிப்ரவரி 19, புதன்

குங்கிலிய டப்பாவைக் குப்பையில் போட்டேன். திரும்ப எடுத்து வைத்தேன். நல்ல டப்பா.

பிப்ரவரி 20, வியாழன்

தறியில் மோட்டார் சக்கரமும் தறிச் சக்கரமும் ஒரே நேரில் இருக்கின்றனவா என்று பார்க்க நாங்கள் நூல் பிடிப்போம். இரண்டு சக்கரத்தின் முகத்திலும் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் நாலு விளிம்பிலும் ஒட்ட வேண்டும். ஒன்றில் ஒட்டாவிட்டால் சக்கரம் கோணல், பெல்ட் கத்தும். புதிதாகத் தறி நிறுத்தினால் செய்கிற முதல் காரியமே அதுதான். கார் என்றதும் எனக்கு அது தோன்றவே இல்லை. குங்கிலியம் தோன்றியது, நூல் தோன்றவில்லை.

காலையில் நூல் சுற்றிய கோனிலிருந்து கொஞ்சம் நூலைப் பிரித்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். "அந்த ஊதற சாமானுக்கு ஒரு நூல் புடிச்சுப் பாக்கலாமா அம்மிணி?"

அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. கீழ்ச் சக்கரத்தில் இரண்டு விளிம்பும் ஒட்டியது. சூப்பர்சார்ஜர் சக்கரத்தில் ஒரு விளிம்பு ஒட்டவில்லை. என் விசிட்டிங் கார்டை எடுத்து அந்த இடைவெளியில் செருகினேன். இரண்டு கார்டு சேர்ந்தாற்போல் போனது.

வைதேகி அந்தக் கார்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பிராக்கெட்டுக்கு அளவு எடுத்தது நான்தானுங்ப்பா. லேத்துல குடுத்து அடிச்சது. லாரன்ஸ் அண்ணா அப்பவே சொன்னாரு, ஒருக்கா சரி பாத்துக்கலாம்னு. நான்தான், எல்லாம் கரெக்டா இருக்குதுன்னேன்."

அந்தக் கனத்துக்கு ஒரு வாஷர் வெட்டிப் பிராக்கெட்டுக்குக் கீழே வைத்தாள். நூல் நாலு விளிம்பிலும் ஒட்டியது. ஸ்டார்ட் செய்தாள். எஞ்சின் சத்தம் மட்டும். இருவரும் கொஞ்ச நேரம் நின்று கேட்டோம்.

"தப்பு எம்மேலயும் இருக்குது," என்றாள். "லாரன்ஸ் அண்ணாவக் கூப்புட்டுப் பேசறேன். பசை தடவுனதுக்கு அவரு ஒரு வார்த்தை சாரி சொல்லிட்டாருன்னா போதும், பழசையெல்லாம் விட்டர்லாம்."

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். லாரன்ஸ் பிழைப்புக்காக ஒரு சாரி சொல்லிவிடுவான். கூட்டு சேர்ந்துவிடும். எனக்கும் சேதாரம் இல்லை. எப்படிப் போட்டுப் பார்த்தாலும் கணக்கு அப்படித்தான் வந்தது.

"அம்மிணி, அது நான்," என்றேன்.

"எது நீங்க?"

"பசை. குங்கிலியமும் வெளக்கெண்ணெயும். வெள்ளிக்கிழமை நீ கோயமுத்தூரு போனப்ப."

கையிலிருந்த ஸ்பேனரைப் பெட்டியில் வைத்தாள். அடுத்ததை எடுத்து வைத்தாள். எல்லாவற்றையும் அதனதன் குழியில் வைத்து முடித்த பிறகுதான் பேசினாள்.

"தெரியாமப் பண்ணுனீங்க, அது சரி. கார் நின்னு பதினோரு நாளாச்சு. அவர நான் பொய்யன்னு சொன்னப்ப நீங்க அங்கதான உக்காந்திருந்தீங்க? பேப்பர் படிச்சுட்டு."

"ஆமா."

"ஏங்ப்பா?"

"தெரியல அம்மிணி."

"தெரியும் உங்களுக்கு," என்றாள். உள்ளே போய்விட்டாள்.

தெரியாது என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

வைதேகி யார்டுக்கு வரவில்லை. அவள் நாற்காலியில் தறி எண்ணிக்கை நோட்டு இருந்தது. ஒரு வாரக் கணக்கு, ஒரு அடித்தல் இல்லாமல்.

மரகதம் சோறு போட்டபடியே, "சொல்லிட்டீங்களாட்ட இருக்குது," என்றாள்.

"உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"வெளக்கெண்ணெ காலி. பிரஷ்ஷு நம்ம காம்பவுண்டுக்குப் பின்னால கெடந்துச்சு."

"அப்புறம் ஏன் நீ சொல்லல?"

"நீங்க தடவுனத நான் எதுக்குத் தொடைக்கோணும்?"

ரசம் நன்றாக இருந்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். வாயு இல்லை.

பிப்ரவரி 22, சனி

சிங்காநல்லூர் போனேன். வைதேகியும் வந்தாள். ஆனால் என் வண்டியில் இல்லை, பஸ்ஸில்.

லாரன்ஸ் ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தான். கால்தான் தெரிந்தது. காலிடம் சொல்வதா என்று யோசித்தேன். அவன் வெளியே வந்தான். முதலாளியும் மூன்று வேலையாட்களும் இருந்தார்கள். அவர்கள் காதிலும் விழட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்: வைதேகியின் கார் பெல்ட்டில் பசை தடவியது நான், லாரன்ஸ் எதையும் தொடவில்லை, தெரிந்தும் நான் பேசாமல் இருந்தேன்.

"குங்கிலியமா?" என்றான் ஒரு வேலையாள். "ஏனுங், காருக்குத் திருஷ்டி சுத்துனீங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சிரித்துச் சிரித்து இருமினார். லாரன்ஸ் சிரிக்கவில்லை.

வைதேகி தன் பங்குக்குச் சொன்னாள்: "பிராக்கெட் என் அளவுதான் தப்புண்ணா. உங்களப் பொய்யன்னு சொன்னது அதவிடத் தப்பு."

லாரன்ஸ் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்க ஒன்றும் இல்லை என்றான பிறகும் துடைத்தான்.

"எம்புள்ளைங்க ரெண்டு வாரமா எங்கிட்டக் கேக்குதுங்க, நீ என்னப்பா பண்ணுனேன்னு," என்றான். பிறகு, "ரெண்டாந்தேதி கார் ஓடட்டும். அப்புறம் பேசலாம்," என்று சொல்லிவிட்டு மறுபடி காருக்கு அடியில் போய்விட்டான்.

திரும்பும்போது வைதேகி என் வண்டியில் ஏறினாள். சூலூருக்குக் கொஞ்சம் முன்னால், கார் நின்ற இடத்தைக் காட்டி, "இங்கதான்," என்றாள். "தெரியும்," என்றேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

லாரன்ஸுக்கு இன்று அங்கே கடைசி நாள்.

மார்ச் 2, ஞாயிறு

கார் ஓடியது.

காலை எட்டிலிருந்து மாலை நாலரை வரை, சுற்றுச் சுற்றாக. நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மற்றவர்கள் வேகத்தைப் பார்த்தார்கள். நான் பெல்ட்டைக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் எங்கள் எதிரில் வந்து கியரைக் குறைத்துத் திரும்பும்போது காதைத் தீட்டிக்கொண்டேன். ஒரு கீச்சும் இல்லை. மூன்று பேரில் இரண்டு பேர் தங்கள் காரை விடுகிறோம் என்றார்கள். மூன்றாவது ஆள் யோசித்துச் சொல்கிறேன் என்றான். வாங்க மாட்டேன் என்பதை வியாபாரத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

லாரன்ஸ் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவில் பானெட்டைத் திறந்து டென்ஷனரைத் தொட்டுப் பார்த்தான். கடைசித் தடவை என்னைக் கூப்பிட்டு, "நீங்களும் தொட்டுப் பாருங்க," என்றான். தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. அவ்வளவு சூடுதான் இருக்க வேண்டுமாம்.

மைதானத்துக்கு வெளியே டீக்கடையில் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். கூட்டு ஒர்க் ஷாப்புக்கு என் தறிக் குடோனைக் கொடுப்பதாகச் சொன்னேன். நூல்காரன் ஒருவன் அதற்குப் பதினெட்டாயிரம் தருகிறேன் என்று ஒரு மாதமாக நடக்கிறான். அதையும் மறைக்காமல் சொன்னேன். லாரன்ஸ், "பத்து," என்றான். "பத்தொம்பது வருசம் பொழைச்ச எடத்த விட்டுட்டு வந்திருக்கேன். அந்த ரெண்டு வாரத்த எதுல சேக்கறது?" என்றான். அதற்கு நான் பேரம் பேசவில்லை. வைதேகி பேசினாள். "வாடகைய ரொம்பக் கொறைச்சா அப்பா தெனமும் வந்து நிப்பாருண்ணா. கொஞ்சம் சேத்துக் குடுத்தர்லாம்," என்றாள். மகள் என் மகள்தான்.

முடிவானது இது:

குடோன் மூன்று வருடத்துக்கு. மாத வாடகை பதினோராயிரம். முன்பணம் கிடையாது. கூட்டில் முன்பு லாரன்ஸுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று பேசியிருந்தது, இனி சரிபாதி. போர்டில் அவன் பெயர் முதலில். குங்கிலிய டப்பா என் யார்டைத் தாண்டி வரக் கூடாது. ஓடுகிற வண்டி எதையும் அவர்கள் இருவரில் ஒருவரைக் கேட்காமல் நான் தொடக் கூடாது.

புதிதாகப் பெல்ட் சக்கரம் மாட்டுகிற வண்டிகளுக்கு மட்டும் வந்து நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். அது லாரன்ஸ் கேட்டது. கூலியாக நான் வண்டிக்கு ஒரு டீயும் ஒரு வடையும் கேட்டேன். பேரம் ஒரு டீக்கு முடிந்தது.